வாணியின் நேர்காணலுக்காக மலாக்கா போனோம்

தைப்பிங்கில் மழையில்லாமல் விடியும் நாள் அபூர்வம். அந்தப் புதன்கிழமை அப்படித்தான் விடிந்தது. "பார்த்தியா, நல்ல சகுனம்," என்றேன். என் மனைவி வாணி வரைபடங்களைச் சுருட்டி வைத்திருந்த நீளக் குழாயைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்றாள். எங்கள் இரண்டு பெண் பிள்ளைகளையும் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, என் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையையும் சனிக்கிழமை வரைக்கும் இழுத்து மூடிவிட்டுக் கிளம்பியிருந்தோம். ஊர் சுற்றப் போறீங்களா என்று கேட்டவர்களிடமெல்லாம் ஆமாம் என்றே சொன்னேன். வாணிக்கு மலாக்காவில் ஒரு வேலை நேர்காணல் என்று சொன்னால், திரும்பி வந்ததும் கிடைத்ததா என்று கேட்பார்களே.

வாணி நிலவடிவமைப்பாளர். பூங்கா, ஆற்றங்கரை, சாலையோர மரம், குடியிருப்பில் பிள்ளைகள் விளையாடும் திடல், இவையெல்லாம் எங்கே எப்படி இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கும் படிப்பு. மூத்தவள் பிறந்தபோது வேலையை விட்டாள். ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த ஆண்டு ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் என்று எத்தனையோ அலுவலகங்கள் ஏறி இறங்கிவிட்டாள். எல்லா இடத்திலும் பேச்சு அந்த ஆறு ஆண்டுகளில் போய் முட்டிக்கொள்ளும். மலாக்காவிலிருந்து அழைப்பு வந்த அன்று, "இதுதாங்க கடைசி. இதுவும் இல்லேன்னா அந்த வரையற மேசைய வித்துடலாம். கிளினிக் கவுண்டருக்கு ஆள் கேக்குறாங்க, நான் அங்க போயிடறேன்," என்றாள். கிளினிக் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அந்த மேசையில் அவள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மயங்கித்தான் நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அது விற்றுப்போவதை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

தைப்பிங்கிலிருந்து தெற்கே போகும் விரைவு ரயிலில் கோலாலம்பூர், சிரம்பான் தாண்டிப் புலாவ் செபாங்கில் இறங்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சீட்டு ஆளுக்கு எழுபது வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, கொஞ்சம் குறைவு. பெயரில்தான் புலாவ், அதாவது தீவு. சுற்றிலும் ஒரு சொட்டுக் கடல் இல்லை, எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம்தான். அங்கிருந்து நாங்கள் தங்கப்போகும் புக்கிட் காத்தில் என்ற இடத்துக்கு நாற்பது கிலோமீட்டர். கைப்பேசியில் கார் கூப்பிட்டோம், நாற்பத்தைந்து வெள்ளி. ஓட்டிவந்தவர் ஜாசின் பக்கத்துத் தமிழர், ஐம்பது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் எந்த ஊர், எந்த எஸ்டேட், யார் மகன் எல்லாம் விசாரித்துவிட்டார்.

"தங்கச்சிக்கு என்னா வேலைக்கு இண்டர்வியூ?"

வாணி சொன்னாள். அவர் கண்ணாடியில் பார்த்தார்.

"லேண்ட்ஸ்கேப்னா புல்லு வெட்டறதா? எங்கம்மா எஸ்டேட்ல முப்பது வருஷம் வெட்டினாங்களே. அதுக்கு டிகிரி வேணுமா லா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாணி சிரித்துவிட்டாள். "புல்லு எங்க வேணும், எங்க வேணாம்னு சொல்றதுக்குத்தாண்ணே டிகிரி. வெட்டறது உங்கம்மாதான் நல்லா வெட்டுவாங்க."

"அப்படிச் சொல்லு!" என்று அவர் ஸ்டீயரிங்கைத் தட்டினார். அலோர் காஜா, டுரியான் துங்கால் என்று வழிநெடுக ஒவ்வொரு மரத்தையும் காட்டி, இது இருக்கணுமா வேணாமா என்று அவளைக் கேட்டுக்கொண்டே வந்தார். சாலையோரத்து வேங்கை ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அந்த வேங்கையும் மின்கம்பிக்கு நேர் கீழே நின்றதால்தான் தோற்றது.

நாங்கள் தங்கியது என் பெரியம்மா மகள் சரோஜா அக்காவின் வீட்டில். புக்கிட் காத்தில் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு மாடி வரிசை வீடு. அக்காவின் கணவர் சின்னையா மச்சான் பள்ளி வேன் ஓட்டுகிறார், கோயில் கமிட்டியில் இருக்கிறார், மலாக்காவில் அவருக்குத் தெரியாத ஆளே கிடையாது. வாணி உள்ளே நுழைந்ததும், "யாரு கம்பெனிம்மா அது?" என்று கேட்டார். ஃபரிதா என்ற அம்மா நடத்துவது, அலுவலகம் புக்கிட் பெருவாங்கில் என்று வாணி சொன்னாள். மச்சான் தாடையைத் தடவிக்கொண்டு, "ஓ, டவுன்ல மளிகைக்கடை பாயோட மவளா?" என்றதோடு நிறுத்திக்கொண்டார். நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை வாணி தன் சட்டதிட்டங்களை என்னிடம் ஒப்பித்தாள். வேலை தேடுகிறவர்களுக்கு உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன். நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போகலாம், அரை மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்து அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. வரைபடத்தைக் கணினியில் மட்டும் வைத்திருக்காமல் காகிதத்திலும் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் காகிதத்தின் மேல்தான் அவர்கள் விரலை வைத்துக் கேள்வி கேட்பார்கள். பழைய முதலாளியைப் பற்றிக் குறை பேசக் கூடாது. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லவே கூடாது. முடிந்த அன்று மாலையே இரண்டு வரியில் நன்றி எழுதி அனுப்ப வேண்டும், மூன்றாவது வரி எழுதினால் அது கெஞ்சல்.

"அப்புறம் ரொம்ப முக்கியமானது. புருஷன் ஆபீசுக்குள்ள வரக் கூடாது."

"நான் வந்து என்ன செஞ்சிடப் போறேன்? ஓரமா உக்காந்திருப்பேன்."

"நீங்க ஓரமா உக்கார்ற ஆளா? போன தடவை ஈப்போல ரிசப்ஷன் பொண்ணுகிட்ட நம்ம கல்யாண ஆல்பம் வரைக்கும் காட்டினீங்க."

சரி, கீழேயே இருந்துகொள்கிறேன் என்றேன். அலுவலகம் ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. கீழேயே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை. தே தாரிக் என்னும் நுரைத் தேநீர் இரண்டு வெள்ளி இருபது காசு. முதல் கோப்பையைக் குடித்து, இரண்டாவதை ஆறவிட்டு, மூன்றாவதை வாங்கி வைத்துக்கொண்டு மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாணி இறங்கி வந்தபோது முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஆறு வருஷம் என்ன செஞ்சீங்கன்னு கேட்டாங்க."

"நீ?"

"ரெண்டு பிள்ளைங்கள வளர்த்தேன் மேடம், வேற எதுவும் செய்யலன்னேன்."

"அடிப்பாவி! வீட்டுல இருந்தபடியே சின்னச் சின்ன வேலை செஞ்சேன்னு சொல்லலாம்ல?"

"செய்யலையே," என்றாள். பிறகு என் தேநீரை எடுத்துக் குடித்தாள். "அவங்க ஒண்ணும் சொல்லல. நாலு பேரு வந்திருக்கோம். நாலு பேருக்கும் ஒரே வேலை கொடுத்திருக்காங்க. இன்னிக்கு ஊரைச் சுத்திப் பாக்கணும். இந்த ஊர்ல எதை நீங்க தொடவே மாட்டீங்கன்னு நாளைக்குக் காலைல வந்து சொல்லணும்."

என்ன கட்டலாம் என்று கேட்பார்கள், எதை இடிக்கலாம் என்று கேட்பார்கள். தொடாமல் விடுவது எது என்று ஒரு நேர்காணலில் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு அந்த அம்மாவைப் பார்க்காமலேயே பிடித்துப்போயிற்று.

பன்னிரண்டு மணிக்கு நகரத்தில் இறங்கினோம். சுற்றுலாப் பயணிகள் போகும் இடத்துக்கெல்லாம் போனோம், ஆனால் அவர்கள் பார்ப்பதை நாங்கள் பார்க்கவில்லை. சிவப்புக் கட்டடங்களின் முன்னால் பொம்மையும் பூவும் ஒட்டி, காதைக் கிழிக்கும் பாட்டோடு மிதிவண்டி ரிக்ஷாக்கள் நின்றன. ஐம்பது வெள்ளி கேட்டார்கள். வாணி ரிக்ஷாவைத் திரும்பியும் பார்க்காமல், ரிக்ஷாக்காரர்கள் எந்த நிழலில் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று பார்த்தாள். கோட்டை வாசல் பக்கம் ஒரு மரத்தின் அடியில் போய் நின்று கையைத் தட்டினாள்.

"இங்க வாங்க! இது என்ன மரம் சொல்லுங்க?"

சின்னச் சின்ன இலை. எனக்கு எங்கே தெரியும்? "புளியா?"

"நெல்லிங்க! மலாய்ல இதுக்குப் பேரே மலாக்கா மரம். ஊருக்கே பேரு இதால வந்ததுன்னு கதை. நம்ம நெல்லிக்கா ஊருக்குத்தான் வந்திருக்கோம்."

அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஆறு ஆண்டுகளில் வாணி சிரிக்காமல் இல்லை. பிள்ளைகளோடு சிரிப்பாள், என் அசட்டுத்தனத்துக்குச் சிரிப்பாள். இது வேறு சிரிப்பு. வேலையை விடுவதற்கு முன்னால் இருந்த வாணியின் சிரிப்பு. இந்த வேலை இவளுக்குக் கிடைக்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்று அந்த மரத்தடியில்தான் முதல்முறையாகப் பயந்தேன்.

ஆற்றங்கரையில் நடந்தோம். முன்பு நாறிக்கிடந்த ஆறாம். இப்போது இரு கரையிலும் நடைபாதை, சுவரோவியம், படகு. எதிர்க்கரையில் கம்போங் மோர்டென் என்ற மலாய்க் கிராமத்தின் மரவீடுகள் வாசல் படிக்கட்டோடு வரிசையாகத் தெரிந்தன. "இதைச் சொல்லிடு, அழகா இருக்கு," என்றேன். அவள் நடந்துகொண்டே இருந்தாள். பிறகு புக்கிட் சீனா ஏறினோம். நகரத்தின் நடுவில் ஒரு குன்று முழுவதும் பழைய சீனக் கல்லறைகள், குதிரைலாடம் போல் வளைந்தவை. புல் முழங்கால் உயரம். அதன் நடுவே ஆட்கள் மெதுவோட்டம் ஓடுகிறார்கள். மேலே நின்றால் கடல் வரைக்கும் தெரிகிறது. நல்ல காற்று. "இதுதான்! இதைவிட என்ன வேணும்?" என்றேன்.

"இதைத் தொட மாட்டேன்னு சொல்றதுக்கு நான் எதுக்குங்க? இதைத்தான் யாருமே தொட முடியாதே. ஒரு காலத்துல கட்டடம் கட்டப் பாத்து ஊர்க்காரங்க விடலியாம். காவலுக்கு ஆள் இருக்கற இடத்துக்கு நான் வேற காவலா?" புல்லில் உட்கார்ந்துகொண்டாள். "மத்த மூணு பேரும் சின்னப் பசங்க. போனமாசம் வரைக்கும் வேலை செஞ்சவங்க. இந்நேரம் அழகா ஏதாச்சும் கண்டுபிடிச்சிருப்பாங்க. எனக்கு ஒண்ணும் தோணல. கண்ணு மழுங்கிப்போச்சு போல."

கீழே இறங்கியதும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் ஊற்றிய செண்டோல் வாங்கிக் கொடுத்தேன், ஐந்து வெள்ளி. பாதி குடித்துவிட்டு என்னிடம் தந்தாள்.

சாயங்காலம் ஆறரைக்கு வீடு வந்தோம். அக்கா அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டார். "வாணி, விளக்கு வைக்கறதுக்குள்ள வெளிய போயி ரெண்டு கொத்து கறிவேப்பிலை ஒடிச்சிட்டு வா! அப்புறம் செடியில கை வைக்கக் கூடாது."

இந்தத் தாமானில் ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் முன்னால் ஒரு மூன்றடி மண், அதற்கப்பால் லோங்காங் என்று எல்லாரும் சொல்லும் சாக்கடைக் கால்வாய், அதற்கப்பால் சாலை. அந்த மூன்றடி மண் வீட்டுக்காரருடையதும் இல்லை, சாலையும் இல்லை. அக்கா வீட்டு முன்னால் அங்கே கறிவேப்பிலை மரமாகவே நிற்கிறது. பக்கத்து வீட்டு முன்னால் சோற்றுக்கு மணம் சேர்க்கும் ரம்பையும் எலுமிச்சம்புல்லும். அதற்கடுத்த சீனர் வீட்டு முன்னால் சின்ன எலுமிச்சை காய்த்துத் தொங்குகிறது. வாணி கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, காக் சைத்தோன், வெளியே வந்தார். அக்காவுக்கு என்று ஒரு பிடி ரம்பை இலையை வாணியின் கையில் திணித்துவிட்டு, தன் பங்குக்கு அவரும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை ஒடித்துக்கொண்டு உள்ளே போனார். யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

வாணி உள்ளே வராமல் வரிசை நெடுக நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள். "அக்கா, இந்த ரோட்டுல ஏன் ரெண்டு வீட்டுல ஒரே செடி இல்ல?"

"எதுக்கு வைக்கணும்?" அக்கா கடுகைத் தாளித்துக்கொண்டே சொன்னார். "ஒரு வீட்டுல இருந்தா போதாதா? எல்லார் வீட்டுலயும் எல்லாம் இருந்துட்டா அப்புறம் யாரு யாரு வாசலுக்குப் போவா?"

"கவுன்சில்ல ஒண்ணும் சொல்லலியா?"

"அவங்க இடந்தான். புல்லு வெட்ட வர்ற பசங்க இதைச் சுத்தி வெட்டிட்டுப் போயிடுவானுங்க. போகும்போது ரெண்டு எலுமிச்சங்கா பறிச்சுக்குவானுங்க."

வாணி என்னைப் பார்த்தாள். கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன. கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், குழம்பு கொதிக்கிறது என்று அக்கா பிடுங்கிக்கொள்ளும் வரைக்கும். கிடைத்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

சோறு சாப்பிடும்போது மச்சான் வந்தார். கையைக் கழுவிக்கொண்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"வாணிம்மா, கவலைய விடு. வேலை முடிஞ்ச மாதிரிதான். மத்தியானம் டவுனுக்குப் போயி பாயைப் பாத்தேன். திருவிழாச் சாமானெல்லாம் அவர் கடையிலதான எடுக்கறோம், இருபது வருஷப் பழக்கம். நம்ம வீட்டுப் பொண்ணு, பாத்துச் செய்ங்கன்னு ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன். என் மவதான, இன்னிக்கே சொல்லிடறேன்னுட்டாரு!"

வாணியின் கை சோற்றில் அப்படியே நின்றது. எனக்கு மச்சான்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் வாணியின் கால் என் காலை அழுத்தியது.

"ரொம்ப சந்தோஷம்ணே," என்று மட்டும் சொன்னாள். தட்டில் இருந்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். அறைக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.

"இனிமே கெடைச்சாலும் அது என்னோட வேலை இல்லீங்க. கெடைக்கலேன்னா, சிபாரிசு புடிச்சு வந்தவன்னு அந்தம்மா நெனைச்சிக்குவாங்க. ரெண்டுல எதுன்னாலும் போச்சு."

"நாளைக்குக் காலைல பாய் கடைக்குப் போயி வேணாம்னு சொல்லிட்டு வரட்டா?"

"சொன்னதை எப்படிங்க திரும்பி வாங்குவீங்க? உங்க மச்சான் மூஞ்சியை அப்புறம் நான் எப்படிப் பாக்கறது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏதோ முடிவு செய்துவிட்டாள் என்று தெரிந்தது. என்ன என்று கேட்டேன். தூங்குங்க என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் மாமாக் கடை, மறுபடியும் தே தாரிக். மாடியில் நடந்ததை வாணி பிறகு சொன்னபடி எழுதுகிறேன்.

உட்காரச் சொன்னதும் வாணி உட்காரவில்லை. "மேடம், நான் மொதல்ல ஒண்ணு சொல்லணும். எங்க வீட்டு அண்ணன் ஒருத்தர் உங்க அத்தாகிட்ட என்னைப் பத்திச் சொல்லி வச்சிருக்காரு. நான் கேட்டு அவர் செய்யல. பாசத்துல செஞ்சிட்டாரு. நீங்க அதைத் தள்ளி வச்சிட்டு என்னைப் பாக்கணும். அது முடியாதுன்னா நான் இப்பவே போயிடறேன்."

ஃபரிதா மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாராம். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாராம்.

"உக்காருங்க வாணி. நேத்து ராத்திரி அத்தா போன் பண்ணாங்க. உங்களுக்கு மட்டும் இல்ல. நாலு பேருக்கும் நாலு பேரு அத்தா கடைக்கு வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஒருத்தருக்குப் பள்ளிவாசல் ஆளு, ஒருத்தருக்கு அத்தாவோட சீனக் கூட்டாளி. அத்தாவுக்கு இப்ப யாரு எந்தப் பிள்ளைன்னே குழம்பிப்போச்சு, நாலு பேரையும் எடுத்துக்கன்றாங்க! இதுவரைக்கும் இதை என்கிட்ட வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான். சரி, சொல்லுங்க. எதைத் தொட மாட்டீங்க?"

வாணி சொன்னாள். கேட்டுக்கும் லோங்காங்குக்கும் நடுவில் உள்ள மூன்றடி மண்ணை.

மேடம் உடனே மடக்கினார். புதுத் தாமான் ஒன்றுக்கு அவர் வரைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த மூன்றடியில் வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி அலங்காரச் செடி வைக்க வேண்டும் என்று கட்டுகிறவர் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

"வெறும் மண்ணா கொடுத்துடலாம் மேடம். குடி வர்றவங்க வச்சுக்குவாங்க. மொதல் வீட்டுல கறிவேப்பிலை வந்தா அடுத்த வீட்டுல தானா வேற வந்துடும்."

"அப்ப நம்மளுக்கு என்ன வேலை? வெறும் மண்ணுக்கு எதுக்கு ஃபீஸ்னு கேப்பாரே?"

"மண்ணு போடறதே பெரிய வேலை மேடம். வீடு கட்டி முடிச்சதும் ஒடைஞ்ச கல்லு, சிமெண்டு எல்லாத்தையும் அங்கதான் பொதைச்சு வச்சிட்டுப் போவாங்க. அதைத் தோண்டி எடுத்து நல்ல மண்ணு போடச் சொல்லி நான் நின்னு பாப்பேன்."

மேடம் மறுபடியும் சிரித்தாராம். ஆனால் வேலை கொடுத்தேன் என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். வாணி படியிறங்கி வந்தாள். "நல்லா பேசிட்டேங்க. இனி எப்படி ஆனாலும் சரி," என்றாள். அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது. ரொட்டிச் சானாய் இரண்டு.

பிற்பகல் பள்ளி வேன் வேலை முடிந்ததும் மச்சான் எங்களை ஜாசினுக்கு ஓட்டிப்போனார். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். நான் இன்னமும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அழகான சின்ன ஊர். பசார், பஸ் நிலையம், பழைய கடைவீடுகள். ஊரைத் தாண்டினால் இருபுறமும் செம்பனை. ஓரிடத்தில் வேனை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மரங்களுக்குள் கை காட்டினார்.

"இங்கதான் எங்க எஸ்டேட் லயன் வீடு இருந்துச்சு. எங்கப்பா இங்க ரப்பர்ப் பால்மரம் வெட்டினாரு. அப்பல்லாம் கங்காணி ஒரு வார்த்தை ஆபீஸ் கிராணிகிட்ட சொன்னாத்தான் வேலை. எங்களுக்குச் சொல்ல ஆளே கெடையாது. பள்ளிக்கூடம் முடிச்சி ஒரு வருஷம் சும்மா உக்காந்திருந்தேன். எனக்குப் பின்னாடி படிச்சவன்லாம் வேலைக்குப் போனான். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் லோரி முதலாளிகிட்ட சொன்னாரு, நம்ம சின்னையா நல்ல பையன்னு. அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில வந்ததுதான் தம்பி இந்த வேனு, வீடு எல்லாம்." கண்ணாடியை ஏற்றினார். "அதான் நேத்து ஓடினேன். நம்ம பொண்ணுக்குச் சொல்ல ஆள் இல்லேன்னு ஆகக் கூடாதுல்ல?"

வாணி பின்சீட்டிலிருந்து எட்டி அவர் தோளில் கை வைத்தாள். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தச் செம்பனைத் தோப்பிலேயே இறங்கிப்போயிற்று. திரும்பும் வழியில் நானே வலிய அவருக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தேன், ஐந்து வெள்ளி.

சனிக்கிழமை காலை புலாவ் செபாங்கில் ரயில் ஏறினோம். அக்கா ஒரு பொட்டலம் கறிவேப்பிலை கொடுத்தனுப்பியிருந்தார், தைப்பிங்கில் கிடைக்காததுபோல. எங்கள் ஊரில் ஏரிக்கரையில் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொடுகின்றன. உலகத்தில் அதைவிட அழகான சாலை இல்லை என்பது என் கட்சி. மலாக்காவில் அப்படி ஒன்றைக் காணோம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். "ஆனா அந்த மரத்துலருந்து யாரும் எதையும் ஒடிச்சிட்டு வந்து குழம்பு வைக்க முடியாதே," என்றாள் வாணி. வேலை கிடைத்தால் மலாக்காவில் வாடகைக்கு இருப்போமா, கடையை என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. திங்கள் வரைக்கும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

சிரம்பான் தாண்டியபோது வாணியின் கைப்பேசி அடித்தது. மச்சான். அவர் போடும் சத்தத்துக்குக் கைப்பேசியே தேவையில்லை, பக்கத்து சீட்டில் இருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"வாணிம்மா! கெடைச்சிருச்சு! இப்பத்தான் பாய் கடையில இருந்து வர்றேன். நேத்து ராத்திரி சாப்பாட்டு நேரத்துல அவர் மவ சொல்லிச்சாம், அந்தத் தைப்பிங் பொண்ணைத்தான் எடுக்கறேன்னு. திங்கக்கெழம உனக்குப் போன் வரும், நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துக்க!"

வாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது.

"நெ... நெசமாவாண்ணே?"

"பொய்யா சொல்வேன்? பாய் என்னமோ கறிவேப்பிலை, லோங்காங்குன்னு ஏதேதோ சொன்னாரு லா, எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவர் மவ அதையே பேசிக்கிட்டு இருந்துச்சாம். அது என்னமோ இருக்கட்டும். பாத்தியா, என் ஒரு வார்த்தை எடுபட்டுப்போச்சு!"

நான் கைப்பேசியைப் பிடுங்கப் போனேன். உங்கள் வார்த்தையினால் இல்லை மச்சான், அதைத் தூக்கி எறிந்துவிட்டு இவள் தானே நின்று வாங்கிய வேலை இது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வாணி என் கையைத் தள்ளிவிட்டாள். கண்ணீர் கன்னத்தில் வழிய, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னாள்.

"ஆமாண்ணே. நீங்க சொன்னதாலதான்."